முதல் மழைத் தண்ணீரில் என்ன இருக்கிறது? ஆற்றுப் பாக்டீரியாவின் பருவக் கணக்கு

"தண்ணி தெளிவாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?" குழாயடியில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு இது. ஆனால், பாக்டீரியாவைக் கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாது. ஒரே ஆற்றில், ஒரே படித்துறையில், மே மாதக் கணக்கு வேறு. அக்டோபர் கணக்கு வேறு.

கோடையில் என்ன நடக்கிறது?

ராஜபாளையம், சோழபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் வைப்பாற்றுப் படுகை. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் பல, மழைக்காலத்தில் மட்டுமே ஓடுபவை. கோடையில் மிஞ்சுவது குட்டைகள்தான். சாக்கடை கலந்தால் அடித்துச் செல்ல ஓட்டம் இருக்காது. சூடான, தேங்கிய நீரில் நீலப்பச்சைப் பாக்டீரியா படலமாகப் படரும். அதில் சில வகைகள் நஞ்சையும் சுரக்கும். ஒரே ஆறுதல், வெயில். தெளிந்த நீரின் மேல்மட்டத்தில் இருக்கும் குடல் பாக்டீரியாவைச் சூரிய ஒளி ஓரளவு கொன்றுவிடும்.

முதல் மழை ஏன் மோசம்?

மாதக்கணக்கில் நிலத்தில் கிடந்த மலம், சாணம், குப்பை எல்லாவற்றையும் முதல் மழை ஒரே மூச்சில் ஆற்றுக்குள் தள்ளுகிறது. நீர் கலங்குவதால் வெயில் உள்ளே இறங்காது. மண் துகளில் ஒட்டிய பாக்டீரியாவைக் குளோரினும் எளிதில் தொடாது. தொடர்ந்து நல்ல மழை பெய்தால் அழுக்கு கழுவப்பட்டு, எண்ணிக்கை மெல்லக் குறையலாம்.

எவ்வளவு இருக்கலாம்?

குளிக்கும் ஆற்று நீரில் 100 மில்லிக்கு மொத்தக் கோலிஃபார்ம் 500-க்குள் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குடிநீரிலோ, 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது ஐஎஸ் 10500 தரநிலை.

சோதனை எப்போது?

ஜல் ஜீவன் இயக்க வழிகாட்டுதல்படி, குடிநீர் ஆதாரங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை பாக்டீரியா பரிசோதனை: பருவமழைக்கு முன், பின். சிக்கல் இங்கேதான். ஆபத்து உச்சத்தில் இருக்கும் முதல் மழை நாட்கள் இரண்டுக்கும் நடுவே நழுவிவிடுகின்றன. செப்டம்பரில் வாங்கிய 'பாதுகாப்பானது' என்ற முடிவு, அக்டோபர் தண்ணீருக்குச் சான்றிதழ் ஆகாது.

எனவே, உள்ளாட்சி அமைப்புகள் முதல் பெருமழை முடிந்த ஓரிரு நாளில் மூன்றாவது சோதனை நடத்தி, முடிவை ஊர் அறிய ஒட்ட வேண்டும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை, கலங்கிய தண்ணீரை வடிகட்டி, தளதளவெனக் கொதிக்கவைத்துக் குடிப்பதே நல்லது.