எண்ணெய்க்குக் கட்டுப்பாடு

சீனாவின் சிச்சுவான் மாகாண ஆளுநராக இருந்து 1886இல் மறைந்த டிங் பாவ்ஜெனின் பட்டம் 'குங் பாவ்'. அவர் விரும்பிச் சாப்பிட்டதாகச் சொல்லப்படும் கோழி-வேர்க்கடலை வதக்கலுக்கும் அதே பெயர். கலாசாரப் புரட்சியின்போது (1966-76) முடியாட்சி வாடை வீசுவதாகப் பெயர் நீக்கப்பட்டது, பிறகு திரும்பியது. இன்று பிரச்னை பெயரல்ல, எண்ணெய்.

ஓட்டல்களில் பெரும்பாலும் கோழியைப் பொரித்தெடுத்த பிறகே வதக்குகிறார்கள். வீட்டில் நான்கு பேருக்கு ஒன்றரை மேஜைக்கரண்டி எண்ணெய் போதும். தோல் நீக்கிய நெஞ்சுக் கறி 400 கிராமைச் சிறு துண்டுகளாக்கி, சோயா சாஸ், இரண்டு டீஸ்பூன் சோள மாவு பிசறி 20 நிமிடம் வையுங்கள். மாவுப் பூச்சு கறியை வறளவிடாது. உப்பு தனியாக வேண்டாம். சாஸில் இருப்பதே போதும்.

காய்ந்த வாணலியில் கறியை இரண்டு தவணையாக வதக்கியெடுங்கள். வீட்டு அடுப்பில் மொத்தமாகக் கொட்டினால் நீர்விட்டு வெந்துவிடும். அதே வாணலியில் காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டு வதக்கி, கறியைத் திரும்பப் போட்டு, வினிகர், சிட்டிகை சர்க்கரை, வெங்காயத்தாள் சேருங்கள். வெறும் சட்டியில் வறுத்த கடலை, இறக்கும்போது. ஒரு கைப்பிடிக்கு மேல் கூடாது: வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். ஆளுநர் இந்தக் கணக்கெல்லாம் பார்த்திருக்க மாட்டார்.