ஒரே ஃபைலுக்குள்ள மொத்த காலேஜையும் அடைக்காதீங்க!

கல்ச்சுரல்ஸ் முடிஞ்ச மறுநாள் எந்த காலேஜுக்குப் போனாலும் காதுல விழற கேள்வி ஒண்ணுதான். 'மச்சி, எங்க டான்ஸ் வீடியோ வந்துடுச்சா?' கேட்கிறவங்க நூறு பேர். பதில் சொல்ல வேண்டிய ஜீவன் ஒரே ஒருத்தர். 'எனக்கு எடிட்டிங் தெரியும்'னு என்னைக்கோ வாயை விட்டு மாட்டிக்கிட்ட புண்ணியவான்! இந்த வார பக்கம் அவருக்காக.

வழக்கமா என்ன நடக்கும்? மூணு மணி நேர நிகழ்ச்சி ஒரே நீள ஃபைலா இருக்கும். சிறப்பு விருந்தினர் பேச்சையும், முதல் பரிசு வாங்கின குரூப் டான்ஸையும் முதல்ல வெட்டிக் கொடுத்துடுவாங்க. செமஸ்டர் வந்துடும். மிச்சமெல்லாம் ஹார்டு டிஸ்க்ல தூங்கும். மூணு நிமிஷம் தனியா பாடின ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு, 'அம்மாகிட்ட காட்டணும் அண்ணா'ன்னு நாலு தடவை கேட்டுட்டு, அஞ்சாவது தடவை கேட்கவே மாட்டா. அவ பாட்டு அந்த ஃபைலுக்குள்ள பத்திரமாத்தான் இருக்கு. ஆனா யாருக்குத் தெரியும்?

'முழு ஃபைலையும் பென் டிரைவ்ல கொடுத்துட்டா போச்சு'ன்னு சொல்ற ஆளா நீங்க? கணக்கு பார்ப்போம் பாஸ். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்துல பதிவான வீடியோன்னா நிமிஷத்துக்கு 75 எம்.பி. மூணு மணி நேரத்துக்கு 13.5 ஜி.பி. பழைய பென் டிரைவ் நிறைய ஃபேட் 32 முறையில ஃபார்மேட் ஆகியிருக்கும். அதுல 4 ஜி.பி.யைத் தாண்டின ஒத்தை ஃபைல் ஏறவே ஏறாது. அஞ்சு நிமிஷ நடனம் மட்டும்னா 375 எம்.பி.தான். பென் டிரைவ்லயும் ஏறும், வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்பினா தரம் குறையாமலும் போகும்.

சரி, தனித்தனியா வெட்டலாம். ஆனா ஒண்ணை வெட்டி, எக்ஸ்போர்ட் கொடுத்து, அது முடியற வரைக்கும் மோட்டுவளையைப் பார்த்துட்டு, அப்புறம் அடுத்தது... 32 ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் நாலு நிமிஷம்னா 128 நிமிஷம் சும்மா காவல் காக்கணும். பாதியில கடுப்பாகி நிறுத்தறது இதனாலதான். காவல் காக்கறது கம்ப்யூட்டர் வேலை. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, என்ன பேரு, இந்த மூணு மட்டும்தான் உங்க வேலை. இதுக்கான வசதிக்குப் பேரு க்யூ. ரேஷன் கடை க்யூ மாதிரியேதான், ஆனா நீங்க நிக்க வேண்டாம், ஃபைல்கள் நிக்கும்!

டாவின்சி ரிசால்வ்: இலவச பதிப்பே போதும். டைம்லைன்ல வீடியோவைப் போட்டு, கடைசிப் பக்கமான 'டெலிவர்' போங்க. முதல் ஐட்டம் தொடங்கற இடத்துல 'ஐ' கீ, முடியற இடத்துல 'ஓ' கீ. பேரை டைப் பண்ணி 'ஆட் டு ரெண்டர் க்யூ' அழுத்துங்க. அடுத்த ஐட்டத்துக்கும் அதே. 32-ம் வரிசையில நின்னதும் 'ரெண்டர் ஆல்' கொடுத்துட்டு சாப்பிடப் போங்க. அதே பக்கத்துல 'இண்டிவிஜுவல் கிளிப்ஸ்'னு ஒரு ஆப்ஷன் இருக்கும். டைம்லைன்ல வெட்டி வெச்ச ஒவ்வொரு துண்டையும் அதுவே தனி ஃபைலா தரும். வேகம்தான், ஆனா மேல் டிராக்ல டைட்டில் போட்டிருந்தா அது வீடியோவோட சேர்ந்து வராது. டைட்டில் வேணும்னா 'ஐ', 'ஓ' வழிதான் நல்லது.

பிரீமியர் ப்ரோ: ஒவ்வொரு ஐட்டத்தையும் தனி சீக்வென்ஸா வெச்சுக்கிட்டு, நடனம், பாட்டு, மைம்னு அதுக்கே பேரு வைங்க. புராஜெக்ட் பேனல்ல எல்லா சீக்வென்ஸையும் மொத்தமா செலக்ட் பண்ணி, மீடியா என்கோடருக்கு அனுப்பிடுங்க. சீக்வென்ஸ் பேருதான் ஃபைல் பேரா வரும். அதனால 'சீக்வென்ஸ் 01', 'சீக்வென்ஸ் 02'ன்னு விட்டீங்கன்னா மறுபடி 32 ஃபைலையும் திறந்து பார்த்துதான் கண்டுபிடிக்கணும்.

ஷாட்கட்: இதுவும் இலவசம்தான். ஒவ்வொரு பகுதியையும் குறிச்சு பிளேலிஸ்ட்ல சேர்த்துட்டு, எக்ஸ்போர்ட் பண்ணும்போது 'ஃப்ரம்' பட்டியல்ல 'ஈச் பிளேலிஸ்ட் ஐட்டம்' தேர்ந்தெடுங்க. அத்தனையும் தனித்தனியா வரும்.

'எங்கிட்ட இருக்கறது அண்ணன் படிச்சுட்டு விட்டுட்டுப் போன லேப்டாப்பு, ரெண்டரிங்னாலே ஜெட் மாதிரி சத்தம் போடும்'னு அழறவங்களுக்கு லாஸ்லெஸ்கட். இது வீடியோவை மறுபடி என்கோட் பண்ணாது, இருக்கறதை அப்படியே நறுக்கி காப்பி எடுக்கும். அதனால ஒரு ஐட்டம் சில விநாடியில முடியும், தரமும் துளி குறையாது. ஒவ்வொரு பகுதிக்கும் பேரு வெச்சு, சேர்க்காம தனித்தனி ஃபைலா எடுக்கச் சொல்லலாம்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. கேமராவும் போனும் எழுதற வீடியோவுல எல்லா ஃபிரேமும் முழுப் படம் இல்லை. நம்ம பசங்க ரெக்கார்டு நோட் கதைதான். ஒருத்தன் முழுசா எழுதுவான், மத்தவன் அதைப் பார்த்து மாத்த வேண்டியதை மட்டும் மாத்துவான். அப்படி முழுசா இருக்கற ஃபிரேமுக்குப் பேரு கீ ஃபிரேம். அடுத்தடுத்து வர்றதுல மாற்றம் மட்டும்தான் இருக்கும். காப்பி எடுத்து நறுக்கும்போது கீ ஃபிரேம்ல இருந்துதான் சுத்தமா தொடங்க முடியும். நீங்க குறிச்ச இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சுட்டா பயப்படாதீங்க, காரணம் இதுதான். நடனத்தோட முதல் அடியிலேயே கத்தி வைக்காம, பேரை அறிவிக்கிற இடத்துல வெட்டுங்க. பேரும் வந்துடும், கைத்தட்டலும் வந்துடும்.

எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் 'ரெண்டர்' அழுத்தறதுக்கு முன்னாடி நாலு விஷயம்:

ஒண்ணு, அரை நிமிஷ கிளிப் ஒண்ணை மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்க. சத்தம் வருதான்னு ஹெட்போன்ல கேளுங்க. ஊமைப் படமா 32 ஃபைல் வந்தா யாருக்கு லாபம்?

ரெண்டு, டிஸ்க்ல இடம் இருக்கா? 32 ஐட்டம், தலா அஞ்சு நிமிஷம்னா 12 ஜி.பி. வேணும்.

மூணு, சார்ஜரைச் சொருகுங்க. லேப்டாப் தூங்கப் போற செட்டிங்கை ஆஃப் பண்ணுங்க. நீங்க தூங்கலாம், அது தூங்கக் கூடாது.

நாலு, நிகழ்ச்சி நிரல் தாளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, வரிசை எண், பேரு, துறைன்னு ஒரே மாதிரி பேரு கொடுங்க. '07 தனிப்பாட்டு கவிதா இசிஇ'ன்னு இருந்தா, தேடறவங்க பத்து விநாடியில எடுத்துக்குவாங்க. 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஒரிஜினல் ஃபைனல்' எல்லாம் வேண்டவே வேண்டாம் சாமி!

இன்னொண்ணு, இது சாஃப்ட்வேர்ல கிடையாது. மூணு மணி நேர வீடியோவை அப்படியே யூடியூப்ல ஏத்திட்டா, அதுல இருக்கற எல்லாரையும் கேட்காமலேயே ஊருக்குக் காட்டின மாதிரி. நம்ம ஆடிட்டோரியம் மேடையில ஆடச் சம்மதிச்சவங்க, இன்டர்நெட்லயும் ஆடச் சம்மதிச்சதா அர்த்தம் இல்லை. வீட்டுக்குத் தெரியாம ஆடினவங்க இருப்பாங்க. அடி தவறினதை யாரும் பார்க்க வேண்டாம்னு நினைக்கிறவங்களும் இருப்பாங்க. தனித்தனி ஃபைலா இருந்தா அவங்கவங்ககிட்ட அவங்க வீடியோவைக் கொடுத்துட்டு, 'போடலாமா?'ன்னு கேட்கலாம். வேண்டாம்னு சொன்னா அந்த ஒரு ஃபைலை மட்டும் விட்டுட்டு மத்ததைப் போடலாம். ஒரே ஃபைலா வெச்சிருந்தா இந்த மரியாதையைக் கொடுக்க நினைச்சாலும் முடியாது.

கடைசியா எடிட்டர் அண்ணாச்சிகளுக்கும் அக்காச்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். க்யூவுல முதல் இடத்தை முதல் பரிசு வாங்கினவங்களுக்குக் கொடுக்காதீங்க. அவங்களை ஏற்கெனவே அம்பது போன் படம் எடுத்திருக்கும். தனியா மேடையேறினாங்களே, அவங்க வீடியோ உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. அதை முதல்ல அனுப்புங்க. எப்படியும் காலையில எல்லாம் ரெடியாயிடும்.