அடியில் நிற்பவனுக்கு என்ன கிடைக்கும்?

கோபுரத்தைக் காண்போர் அதன் கலசத்தைப் போற்றுவர்; கடைக்காலை நினைப்பார் மிகச் சிலரே. கடைக்கால் கல்லாக இருக்கும்வரை அதனால் குறை ஒன்றும் இல்லை. கல்லுக்குப் புகழாசை கிடையாது. ஆனால் கடைக்காலும் மனிதர், கலசமும் மனிதர் என்றால் என்ன செய்வது? அத்தகைய கோபுரங்களை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுப்பி வருகிறார்கள், ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே மத்தியதரைக் கடலோரம் வாழும் காட்டலோனியா மக்கள்.

இம்மனிதக் கோபுரத்துக்குக் 'காஸ்டெல்' என்று பெயர். அவர்கள் மொழியில் கோட்டை என்பது இதன் பொருள். இக்காட்சியை விடுதியில் நண்பர் ஒருவருடன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தோள்மேல் ஒருவராக மனிதர்கள் ஏறினார்கள். கடைசியாக ஒரு சிறுமி உச்சிக்கு ஏறி, ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு இறங்கினாள். சதுக்கமே ஆர்ப்பரித்தது. நண்பர் மட்டும் சிரித்தார். "மேலே ஏறின பிள்ளைக்குக் கைதட்டல் சரி. கீழே மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு நிக்கிறானே, அவனுக்கு என்னடா கிடைக்கும்? இதுக்கு ஒரு சங்கம், அதுல போய்ச் சேர ஆளு வேறயா?" என்றார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்த பின் ஓரளவு தெரிந்தது. அதையே இங்கே எழுதுகிறேன்.

இக்கலை பிறந்த இடம் தாரகோனா நகருக்கு அருகிலுள்ள வால்ஸ் என்னும் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், திருவிழா நடனம் ஒன்றின் முடிவில் ஆடுவோர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்பது வழக்கமாயிருந்தது. நாளடைவில் நடனம் தேய்ந்தது, கோபுரம் வளர்ந்தது. இன்று ஏறத்தாழ நூறு குழுக்கள் உள்ளன. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

குழுவில் புதிதாகச் சேர்பவன் எங்கே நிற்பான்? உச்சியில் அல்லன், நடுவிலும் அல்லன். கோபுரத்தின் அடியைச் சூழ்ந்து நெருக்கி நிற்கும் பெருங்கூட்டத்தில்தான் அவனுக்கு முதலிடம். இக்கூட்டத்தைப் 'பின்யா' என்பர். முன்னால் நிற்பவர் முதுகில் மார்பை அழுத்தி, கைகளை முன்னே நீட்டி, தலையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். நூற்றுக்கணக்கானோர் தரும் இந்த அழுத்தமே கோபுரத்தின் அடியை அசையாமல் காக்கிறது. மேலிருந்து எவரேனும் விழுந்தால் அவரைத் தாங்கும் மெத்தையும் இதுவே.

இவ்விடத்துக்கு ஏற்ற உடல் எது என்று கேட்டால், எல்லா உடலும் ஏற்றதே! எடை தாங்க வல்லவர் அடித்தூணாக நிற்பார். குள்ளமானவர் அத்தூணின் அக்குளில் தோள் கொடுத்து ஊன்றுகோல் ஆவார். கை நீண்டவர் மேலடுக்கில் நிற்பவரைத் தாங்குவார். ஒல்லியானவர் ஏறுவார். கடைக்காரரும் ஆசிரியரும், தொழிலாளியும் மாணவரும், பாட்டனும் பேரனும் ஒரே கூட்டத்தில் நிற்பார்கள். ஒருவருக்கும் ஊதியம் இல்லை.

ஏறுவதற்கு முன் இடுப்பில் பல முழ நீளமுள்ள கருப்புத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொள்வார்கள். அது முதுகைக் காக்கும். வெறுங்காலோடு ஏறுபவருக்குப் படியாகவும் உதவும். அத்துணியைத் தனியே கட்டிக்கொள்வது எளிதன்று. ஒருவர் ஒரு முனையை இழுத்துப் பிடிக்க, கட்டுபவர் சுழன்று சுழன்று அதற்குள் தம்மைச் சுற்றிக்கொள்வார். குழுவில் சேர்ந்தவன் கற்கும் முதற் பாடம் இதுதான் என்று தோன்றுகிறது: உன் இடுப்புத் துணிக்கும் இன்னொருவன் கை வேண்டும்.

பின்யாவில் தலை கவிழ்ந்து நிற்பவனுக்கு மேலே நடப்பது தெரியாது. அவனுக்குச் செய்தி சொல்வது இசை. நம் நாயனத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் ஒரு குழலும், ஒரு சிறு முரசும் ஒலிக்கும். கோபுரம் எந்த நிலையில் இருக்கிறது, உச்சியில் கை உயர்ந்ததா என்பதையெல்லாம் அவன் காதால் அறிகிறான். தன் உழைப்பின் பயனைத் தன் கண்ணால் காண முடியாத இடம் அது. அங்கே ஒருவன் விரும்பிப் போய் நிற்கிறான் என்றால், அதைப் பேதைமை என்று தள்ளிவிட முடியுமா?

இங்கே ஒரு கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தே ஆக வேண்டும். உச்சியில் ஏறுவது குழந்தை. மேலடுக்கின் சுமையைக் குறைக்கவே எடை குறைந்த சிறுவரை ஏற்றுகிறார்கள். இதில் ஆபத்து இல்லை என்று சொல்பவர் உண்மை பேசவில்லை. 2006ஆம் ஆண்டு கோபுரம் சரிந்து விழுந்ததில் ஒரு சிறுமி உயிரிழந்தாள். அதன் பின்னரே மேலே ஏறும் சிறுவர்க்குத் தலைக்கவசம் பரவலாயிற்று. ஓர் உயிர் போன பிறகு வந்த அறிவு அது. இக்கலையைப் போற்றுவோர் அந்நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியானால் இதை நிறுத்திவிடலாமே என்பர் சிலர். நான் அதற்கு உடன்படவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வலிமை, சமநிலை, துணிவு, நல்லறிவு என்னும் நான்கு சொற்களை இக்கலைஞர்கள் தம் கொள்கையாகக் கூறுவர். முதல் மூன்றும் கோபுரத்தை எழுப்பும். நான்காவதுதான் குழந்தையைக் காப்பாற்றும். அடுக்குகள் நடுங்கத் தொடங்கினால், பாதியிலேயே "இறங்குங்கள்" என்று சொல்லத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. ஊரே காத்திருக்கும்போது அச்சொல்லைச் சொல்வதற்கு, ஏறுவதைவிட மிகுந்த துணிவு வேண்டும். அத்தலைவர் இல்லாத குழுவுக்குத் தன் பிள்ளையை அனுப்ப எந்தத் தாயும் கடமைப்பட்டவள் அல்லள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உச்சியில் கை உயர்ந்தவுடன் கோபுரம் நிறைவு பெற்றுவிடுவதில்லை. அதுவரை நடந்ததற்கு 'ஏற்றியது' என்று பெயர். ஒவ்வோர் அடுக்கும் ஒழுங்காக இறங்கி முடிந்தால்தான் முழு வெற்றி. தாரகோனாவில் 1932ஆம் ஆண்டு தொடங்கி, இப்போது ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பெரும் போட்டியிலும், ஏற்றியபின் சரிந்த கோபுரத்துக்கு மதிப்பெண் குறைவே. ஏறுவதை மட்டும் வெற்றியென்று எண்ணும் உலகில், இறங்குவதையும் வெற்றியாகக் கணக்கிடும் விளையாட்டு எனக்குப் பெருமதிப்பைத் தருகிறது.

குழுவின் கதவும் எப்போதும் அகலத் திறந்திருந்ததன்று. நெடுங்காலம் ஆடவர் மட்டுமே ஏறினர். 1980களில்தான் பெண்கள் பெருமளவில் இடம் பெற்றனர். பத்தடுக்குக் கோபுரம் முதன்முதலாக எழுந்தது 1998இல், பெண்களும் தோள் கொடுத்த பின்னர்! கதவைத் திறந்ததால் கோபுரம் தாழ்ந்துவிடவில்லை. ஃபிராங்கோவின் ஆட்சியில், 1939 முதல் 1975 வரை, பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒதுக்கப்பட்ட காட்டலான் மொழி, இன்று பயிற்சிக் கூடத்தில் கட்டளை மொழியாக ஒலிக்கிறது. வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன் அம்மொழியின் சில சொற்களை முதுகோடு முதுகு நெருங்கி நின்றே கற்றுக்கொள்கிறான். ஒன்றுபட்டு நிற்பதற்கே 'பின்யா ஆதல்' என்று அவர்கள் பேச்சு வழக்கில் கூறுவது பொருத்தமே.

2020இல் பெருந்தொற்று வந்தபோது இக்கலை அடியோடு நின்றது. தொடாமல் பாடலாம், தொடாமல் ஆடலாம். தொடாமல் இக்கோட்டையைக் கட்ட முடியாது. மீண்டும் கூடியபோது முன்பு உச்சியில் ஏறிய சிறுவர்கள் வளர்ந்து கனத்திருந்தனர். புதிய குழந்தைகளைத் தேடி, புதிய தோள்களைத் தேடி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஆனாலும் தொடங்கினார்கள்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அடியில் நிற்பவனுக்குப் பதக்கம் கிடைக்காது. படம் எடுத்தாலும் அவன் முகம் தெரியாது. ஆனால் தன் பெயரைக்கூட அறியாத ஒரு குழந்தையின் உயிரைத் தன் தோள் காத்தது என்று அவன் அறிவான். அக்குழந்தை இறங்கித் தரையில் கால் வைத்த பின்னரே அவன் தலையை நிமிர்த்துவான். அந்த ஒரு கணம் போதாதா? போதும் என்று நினைப்பவர்கள் ஒவ்வோர் ஊரிலும் சிலர் இருக்கும்வரை, அங்கே கோபுரங்கள் எழும். அதைவிட முக்கியமாக, பத்திரமாக இறங்கும்.