தற்காலிக வழியும் ஓர் அமானிதமே

தொழுகை நேரப் பட்டியலைப் படமாக்க நிரல் எழுதும் நம் பிள்ளைகள் பலர், அரபி எழுத்துகள் தனித்தனியே சிதறி, இடமிருந்து வலமாக நிற்பதைக் கண்டு திகைத்திருப்பார்கள். அரபி எழுத்து, சொல்லில் தான் நிற்கும் இடத்திற்கேற்ப நான்கு வடிவங்கள் வரை கொள்ளும். யூனிகோடு ஓர் எழுத்துக்கு ஒரு குறியீட்டைத் தருகிறது. இணைத்து, வலமிருந்து வரைவது மென்பொருளின் வேலை. பைத்தான் மொழியில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகம் நெடுநாள் அதை அறியாதிருந்தது.

அக்குறையைக் கடக்க 'அரபிக் ரீஷேப்பர்', 'பைத்தான் பைடை' என்னும் இரு திறமூல நூலகங்கள் கைகொடுத்தன. முன்னது எழுத்துகளை இணைந்த வடிவங்களாக மாற்றும். பின்னது வரிசையைத் திருப்பும்.

இவ்வழியை நாம் குறைகூறவில்லை. அதை மறந்துவிடுவதே குறை. 2017இல் பில்லோ, ராக்ம் நூலகத்தின் துணையோடு அரபியை முறையாக வரையத் தொடங்கியது. அத்துணை உள்ள கணினிகளில் பழைய நிரலை நீக்காவிடில், திருப்பிய சொல் மீண்டும் திரும்பிப் பிழையாகிறது. இதனினும் பெரும்பிழை, திருப்பிய வடிவத்தையே சேமித்து வைப்பது. கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் அச்சொல் தேடலில் அகப்படாது. பார்வையற்ற சகோதரருக்குத் திரைவாசிப்பான் அதைச் சரியாக வாசித்துக் காட்டாது.

ஆகவே மூல எழுத்தை அப்படியே சேமிப்போம். மாற்றம் வரையும் கணத்தில் மட்டும் நிகழட்டும். எந்தக் குறைக்காக, எதுவரை இது தேவை என்று நிரலருகே ஒரு வரி எழுதுவோம். நமக்குப் பின் அதைத் திறப்பவருக்கு நாம் ஒப்படைக்கும் அமானிதம் அது.