வாசலில் பூத்த பூ

பொழுது விடிந்ததும் செல்போனில் ஒரு ரோஜாப்பூ வந்து நிற்கிறது. "காலை வணக்கம்" என்று அதன் மேல் எழுதி இருக்கிறது.

அது எந்த ஊர் ரோஜா? அனுப்பியவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது!

அனுப்பியவர் வீட்டு வாசலிலேயே செம்பருத்தி மலர்ந்து நிற்கிறது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பது இல்லை.

தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில், கிணறும் நாலைந்து பூச்செடிகளும் உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2021-ம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, செம்பாக்கமும் அதில் சேர்ந்தது. தனி வீடுகளை இடித்து அடுக்கு மாடிகள் கட்டும் காலம் இது. வீடு போனால் செடியும் போகும். செடி இருக்கும்போதே அதன் பூவைப் படம் எடுத்து வைக்க வேண்டாமா?

"அதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டுமே!" என்று சிலர் தயங்கலாம். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912-1996) யானைகளையும் மான்களையும் அருமையாகப் படம் பிடித்தவர். அவர் பயன்படுத்திய கேமரா, பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அமைத்தது!

பூவுக்கு, வீட்டில் உள்ள செல்போனே போதும். ஆனால் பூவின் மேல் கொண்டுபோய் ஒட்டக்கூடாது. மிகவும் நெருங்கினால் படம் மங்கிவிடும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து எடுத்துவிட்டு, வேண்டாத ஓரங்களைப் பிறகு வெட்டிவிடலாம்.

உச்சி வெயில் ஆகாது. இதழ்கள் வெளுத்துத் தெரியும். காலை 7 மணி வெளிச்சம் இதமானது. வெயில் ஏறிவிட்டால், ஒருவர் வெள்ளை வேட்டியைப் பூவுக்கு மேலே விரித்துப் பிடிக்கட்டும். காற்றுதான் பெரிய தொல்லை. காம்பை ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டலாம். அல்லது காற்று ஓயும் வரை காத்திருக்கலாம்.

சிலர் பூவைப் பறித்து, மேஜையில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். இது சரி அல்ல. செம்பருத்திப் பூவுக்கு ஆயுளே ஒரு நாள்தான். அதையும் பறிக்க வேண்டுமா? செடியில் இருந்தால் தேன்சிட்டு வரும், எறும்பு ஊரும். அவையும் படத்தில் விழுமே!

அந்திமந்தாரை மாலை 4 மணி வாக்கில்தான் விரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஏற்ற பூ!

வேலியில் செங்காந்தள் இருந்தால் இன்னும் நல்லது. அது தமிழ்நாட்டின் மாநில மலர். முதலில் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். நாள் ஆக ஆகச் சிவக்கும். தினம் ஒரு படம் எடுத்து வரிசையாக வைத்தால், நிறம் மாறுவதைக் காணலாம். அதன் கிழங்கு கொடிய விஷம். ஆகவே பிள்ளைகள் தொடாமல் எடுக்கட்டும்.

படத்தின் கீழே பூவின் பெயர், தெரு, தேதி மூன்றையும் எழுதி, பிறகு "காலை வணக்கம்" அனுப்பலாம். பூவின் பெயர் தெரியாவிட்டால், பாட்டியைக் கேட்டால் சொல்லிவிடுவார்.