வாடுற பூவை வாட விடுங்க

ரெசின் கலை பண்றவங்க யாரும் ஆட்டோ அனுப்பாதீங்க. வீட்டுல ஏற்கனவே வாங்கியாச்சு.

கல்யாண மாலையைக் காயவச்சு, ரெசினுக்குள்ள பதிச்சு, ஃபிரேம் போட்டுக் குடுக்குறது இப்போ பெரிய ஃபேஷன். நாங்களும் 6,500 ரூபாய் குடுத்து செஞ்சோம். வந்த அன்னைக்கு பன்னீர் ரோஜாவும் சம்பங்கியும் சும்மா ஜம்முனு இருந்தது. பத்தே மாசம். ரோஜா டீத்தூள் கலர், சம்பங்கி பழுப்பு, ரெசினே லேசா மஞ்சள். தங்கமணி அதை சுவத்தைப் பார்த்துத் திருப்பி வச்சுட்டாங்க. "நம்ம கல்யாணத்தையும் இப்படி ஆக்கிடாதீங்க"ன்னு ஒரு கமெண்ட் வேற. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனாலும் சுருக்குன்னு இருந்தது.

ஆணி புடுங்குற புத்தி சும்மா இருக்குமா? எங்க பக் இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன்.

செஞ்சவங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சம்பங்கி இதழ் தடிமன், உள்ள முழுக்கத் தண்ணி. தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல ஈரம் மிச்சம் இருக்கும். அதோட ரெசினுக்குள்ள அடைச்சா அந்த ஈரம் எங்க போகும்? பூவைத்தான் பழுப்பாக்கும். எபாக்சி ரெசின் வெயில் படப் படத் தானாவே மஞ்சளாகும். சிலிக்கா ஜெல்லுக்குள்ள ஒரு வாரம் புதைச்சு வச்சா ரோஜா ஓரளவுக்கு நிறம் தாங்கும். மல்லிகைக்கு அதுவும் சரிப்படாது. வெள்ளை இதழ் லேசுல பழுப்பாயிடும். மல்லிகைன்னாலே வாசனைதானே, அதை எந்த ஜெல்லு பிடிச்சு வைக்கும்?

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். போன மாசம் தூத்துக்குடியில ஆச்சி வீட்டைக் காலி பண்ணும்போது அவங்க பால் கணக்கு நோட்டு கிடைச்சது. உள்ள ஒரு வாடாமல்லி, ரெண்டு காகிதப்பூ, தட்டையா அமுங்கிக் கிடந்தது. பக்கத்துல பென்சில்ல "பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்தான், 1971". பெரியவன்னா எங்கப்பா. அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. நிறம் மங்கியிருக்கு, ஆனா என்ன பூன்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல.

காரணம் சிம்பிள். வாடாமல்லியில நாம பூன்னு நினைக்கிற கலர் பகுதி இதழே இல்ல, பூவடிச் செதில். காகிதப்பூவுலயும் கலரா இருக்கிற மூணும் செதில்தான். நடுவுல இருக்கிற குட்டி வெள்ளைக் குழல்தான் நிஜப் பூ. செடியில இருக்கும்போதே ஈரம் கம்மி. அதனால காயும்போது பெருசா எதையும் இழக்குறதில்ல. நம்மாளுங்க பேர் வச்சப்பவே மேனுவலும் எழுதிட்டாங்க :-)

எமிலி டிக்கின்சன் சின்ன வயசுல செடிகளைக் காயவச்சு ஒட்டின ஆல்பம் ஹார்வர்டுல இருக்கு. 66 பக்கத்துல 424 மாதிரிகள். பல பூக்களோட நிறம் போயிடுச்சு. ஆனா பக்கத்துல அவங்க கையால எழுதி ஒட்டின பேர்ச்சீட்டு இருக்கு. ஆச்சி நோட்டுலயும் அதே கதைதான். பூ பாதி, பென்சில் எழுத்து மீதி.

அதனால நான் சொல்றது இதுதான். முழு மாலையையும் சாகாம நிறுத்தி வைக்கப் பாக்காதீங்க. அது ஒரு நாளைக்குன்னே கட்டினது. அதுல மெல்லிசா ஒரு இதழ், ஒரு இலை எடுங்க. நியூஸ்பேப்பர் நடுவுல வச்சு மேல கனமான புத்தகங்களை அடுக்குங்க. முதல் சில நாள் பேப்பரை மாத்திக்கிட்டே இருங்க. ரெண்டு மூணு வாரத்துல காஞ்சிரும். வெயில் படாத இடத்துல வைங்க. தேதியையும் எதுக்குன்னும் எழுத மறக்காதீங்க. மிச்ச மாலை தென்னை மரத்தடிக்குப் போகட்டும், உரமாகும். வீட்டு அலங்காரத்துக்குக் கொத்தா வேணும்னா வாடாமல்லியைக் காம்போட கட்டி, காத்தோட்டமான இருட்டு ரூம்ல தலைகீழாத் தொங்க விடுங்க. செலவு ஒரு நூல்.

போன வாரம் எங்க ரெண்டாவது கல்யாண நாள். மாடித் தொட்டியில பூத்த வாடாமல்லி ஒண்ணைப் பேப்பர்ல அமுக்கி வச்சிருக்கோம். தேதி எழுதினது தங்கமணி.

ஃபிரேம் இன்னும் சுவத்தைப் பார்த்துக்கிட்டுதான் இருக்கு.