தண்ணீர்மலைக்குத் தம்பதி சமேதராக

செட்டிநாட்டில் எங்கள் கீழச்சிவல்பட்டியில் எந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு முகப்பிலாவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், அந்த வீட்டு ஐயாவோ அவருடைய அப்பச்சியோ ரங்கூனிலும் மோல்மேனிலும் பினாங்கிலும் ஈப்போவிலும் சைகோனிலும் தொழில் பார்த்த சரித்திரம், காபி வருவதற்கு முன்பாகவே வந்துவிடும். ஆனால், 'ஆச்சியும் கூடப் போயிருந்தார்களா?' என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டால், சொல்லுகிறவர் சற்றுத் திகைத்து, ஆச்சி ராமேசுவரத்தில் சமுத்திர ஸ்நானம் செய்ததையும் காசிக்குப் போய் வந்ததையும் சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வார். புருஷனும் மனைவியும் சேர்ந்து அக்கரைச் சீமைக்குப் போவது, அதிலும் வட்டி வசூலிக்கவோ வரவு எழுதவோ அல்லாமல் வெறுமனே ஊர் பார்த்து வரப் போவது, எங்கள் பகுதிக்குச் சமீப காலத்தில் வந்த வழக்கம். அந்த வழக்கம் இன்னும் பரவ வேண்டும் என்பது என் கட்சி.

பழைய ஏற்பாடு வேறு. கொண்டுவிற்க, அதாவது அக்கரையில் தொழில் பார்க்கப் போகிறவர் உறவினர் வீடுதோறும் சென்று பயணம் சொல்லிக்கொண்டு, நல்ல நாள் பார்த்து ஊரைவிட்டுப் புறப்படுவார். மலாயாவுக்குப் போகிறவர்களை நாகப்பட்டினத்தில் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும் கப்பல்களில், 1926-ல் கட்டப்பட்டு அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடிய 'ரஜூலா'வின் பெயர் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் வழங்குகிறது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாகி, ஒவ்வொரு தடவையும் மூன்று வருஷத் தவணைக்கு அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்புவார். சில காலம் தங்குவார். மறுபடியும் கப்பல் ஏறுவார். கல்யாணம் ஆகி, வளவில் ஓர் அறை ஒதுக்கி, வழக்கப்படி 'வேறு வைத்து', தனி அடுப்பு மூட்டிக்கொடுத்த சில மாதங்களிலேயே கணவனை வழியனுப்பிவிட்டு, பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் முகத்தைப் படத்தில் காட்டி வளர்த்த பெண்கள் அநேகர். பிற்காலத்தில் மலாயாவில் குடும்பத்தோடு தங்கியவர்கள் உண்டு. எனினும் அவர்கள் விதிவிலக்கே.

இதிலே விநோதம் என்னவென்றால், வெளிதேசம் அந்தப் பெண்களுக்குத் தெரியாத விஷயமே அல்ல. பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே, இத்தாலியச் சலவைக் கல் தரையிலே, பெல்ஜியம் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து தலை வாரிக்கொண்டு, ஸ்வீடன் தேசத்து எனாமல் பாத்திரத்தில் பலகாரம் எடுத்து வைத்தவர்கள் அவர்கள். ரங்கூனில் நெல் விலை இறங்கினால் இங்கே எந்தச் சீர் சுருங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள். சாமான் முழுவதும் வந்தது, பணம் உண்டியலாக வந்தது, பிள்ளையார் சுழியும் சிவமயமும் போட்டுக் கடிதம் வந்தது. அவர்கள்தாம் போகவில்லை.

பிரயாண இலக்கியத்திலும் இதே கதைதான். கோட்டையூரில் பிறந்து, இளமையில் ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தி, மகாத்மாவைப் பற்றிய திரைப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து அதை 1940-ல் வெளியிட்ட ஏ. கே. செட்டியாரும், எங்களுக்கு மிக அருகில் உள்ள நெற்குப்பையைச் சேர்ந்த சோமலெயும் தமிழில் பிரயாண நூலுக்கு ஓர் அந்தஸ்தைத் தேடித் தந்தவர்கள். ஒரு சிறிய வட்டாரம் இப்படி இரண்டு பேரைத் தந்தது எங்களுக்குப் பெருமை. ஆனால் இந்த வட்டாரத்து ஆச்சி ஒருத்தி அக்கரையைப் பார்த்து என்ன நினைத்தாள் என்பதைச் சொல்லும் புத்தகம் என் கைக்கு இதுவரை அகப்படவில்லை.

மகள் டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டதால்தான் நானும் என் மனைவியும் பினாங்குக்குப் புறப்பட்டோம். உல்லாசப் பிரயாணக் கம்பெனிகளின் ஜாபிதா எனக்கு ஒத்துவராது. கொடி பிடித்தவர் பின்னால் ஒரு மந்தையாக நடந்து, பத்துமலைப் படியேறி, இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் படம் பிடித்துக்கொண்டு, கெந்திங் மலைக் குளிரில் நடுங்கி, மிச்ச நேரத்தைச் சாக்லேட் கடையில் கழித்துவிட்டு வருவதற்கு மலேசியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பினாங்கு அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும், 1923-ல் போட்ட மலை ரயிலில் ஏற்றி இறக்குவதோடு சரி. சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேர் விமானம் வந்துவிட்டது. எங்கள் முன்னோருக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்த தூரம் இப்பொழுது ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. என் மனைவி மாவுருண்டையும் தேன்குழலும் டப்பாக்களில் அடைத்துக்கொண்டாள். பினாங்கில் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை என்று நான் எவ்வளவோ சொல்லியும் பயனில்லை.

பினாங்கில் எங்கள் ஜனங்களுக்கு முதல் இடம் தண்ணீர்மலை. நீர்வீழ்ச்சிச் சாலையில் 1857-ல் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலும் அந்தச் சுற்றுப்புறமும் எங்கள் வழக்கில் இந்தப் பெயரால்தான் வழங்குகின்றன. செட்டிநாட்டிலே தண்ணீர்மலை என்று பிள்ளைகளுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1859-ல், சிங்கப்பூர் டாங்க் ரோடு கோயில் எழுந்தது; சைகோனிலும் ஒரு தெண்டாயுதபாணி இருக்கிறார். செட்டியார் போன இடத்துக்கெல்லாம் முருகனையும் அழைத்துப் போனார், மகமை என்று லாபத்தில் அவனுக்கும் ஒரு பங்கு எழுதினார். பெண்டாட்டியை அழைத்துப் போகாதவர் வள்ளி தெய்வயானையை மட்டும் அழைத்துப் போயிருப்பாரா என்று நான் வேடிக்கையாகச் சொன்னதற்கு, "கோயில்ல வந்து இதென்ன பேச்சு" என்று எனக்குக் கண்டனம் கிடைத்தது.

கோயிலுக்குள் நுழைந்தவுடன் தோன்றுவது, வந்த களைப்பு தீருமுன் மறுபடியும் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டோமோ என்ற மயக்கம்தான். அதே வழவழப்பான தரை. அதே தேக்கு மரத் தூண். கையால் தடவினால் எங்கள் வளவுத் தூண் தருகிற அதே குளிர்ச்சி. தைப்பூசத்துக்கு முருகன் ஏறிவரும் வெள்ளி ரதம் காரைக்குடியில் செய்து கப்பலில் ஏற்றி 1894-ல் இங்கே வந்து சேர்ந்தது. பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து அது புறப்பட்டு வரும்போது வழிநெடுகத் தேங்காய் உடைப்பார்கள். உடைக்கிறவர்களில் சீனர்களும் ஏராளம். நாங்கள் போனது பூசக் காலம் அல்ல, கூட்டமில்லை. பிரகாரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் மனைவியின் கழுத்தையும் சேலைக் கட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "எந்த ஊரு ஆச்சி?" என்றார். ஊரைச் சொன்னதும், "எந்தக் கோயில்?" என்பது அடுத்த கேள்வி. இளையாற்றங்குடி என்றவுடன் அவர் முகம் மலர்ந்தது. ஒன்பது கோயில்களுக்குள் எங்கள் கோயிலைச் சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் அறிமுகப் பத்திரம் எதற்கு?

அந்தப் பெரியவரே மறுநாள் எங்களைப் பினாங்குத் தெருவுக்கு அழைத்துப் போய், பழைய கட்டடம் ஒன்றைக் காட்டி, கிட்டங்கி என்பது எப்படி இருந்தது என்பதை விளக்கினார். ஒரே நீளமான கூடம். அதில் பல விலாசங்கள், அதாவது வட்டிக்கடைகள். ஒவ்வொரு விலாசத்துக்கும் தரையில் கொஞ்சம் இடம், ஒரு கணக்குப் பெட்டி. பகலில் அந்தப் பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல்; இரவில் அதே இடத்தில் பாயை விரித்துப் படுக்கை; சமையல் எல்லோருக்கும் பொதுவில். என் சிந்தை உடனே வட்டி விகிதத்திலும் தவணைக் கணக்கிலும் போயிற்று. நான் கேட்ட கேள்விகள் எல்லாம் அதைப் பற்றியவை. என் மனைவி சுவரையும் மேற்கூரையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "அது சரிண்ணே, துணி எங்கே காயப்போட்டாக?" என்று கேட்டாள். பிறகு, "காச்சல் வந்து படுத்தா யாரு கஞ்சி வச்சுக் குடுத்தாக?" என்றாள்.

"பக்கத்துப் பெட்டிக்காரவுகதான் ஆச்சி" என்றார் அவர்.

தங்குமிடத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதுதான், "தேக்கு அனுப்புன கதைய நம்ம வீட்டுல நூறு தடவ சொல்லியிருக்காக. பாயில படுத்த கதைய ஒருத்தரும் சொல்லலியே" என்றாள். நானும் என் அப்பச்சியின் கடிதக்கட்டைப் புரட்டியிருக்கிறேன். க்ஷேமம், உண்டியல் அனுப்பிய தொகை, மழை, கோயில் திருப்பணிக்கு எழுதிய தொகை, பிள்ளைகள் படிப்பு என்பதற்கு மேலே அதில் ஒன்றும் கிடையாது. அங்கே கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு இங்கே மாளிகை கட்டினார். இங்கே மாளிகையில் ஓர் அறையில் அவர் மனைவி தனியே படுத்திருந்தாள். ஒருவர் பட்டது மற்றவருக்குத் தெரியாமலே இருவர் காலமும் முடிந்தது. என் சொந்தக் குடும்பத்து வரலாற்றில் நான் பார்க்கத் தவறிய பாதியை, துணி காயப்போட்ட இடத்தைக் கேட்டவள் பார்த்துவிட்டாள். தம்பதிகளாகப் போவதற்கு இதைவிட நல்ல முகாந்தரம் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஒரு மலாய்க் கடையில் இன்னொரு விசேஷம். குண்டானிலே கறுத்த கஞ்சி ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்காரி அதைக் கிண்ணத்தில் வார்த்து, மேலே கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றினாள். வெள்ளைப் பாலுக்கு அடியிலிருந்து ஊதாச் சாயம் மெல்லக் கசிந்து மேலே வந்தது. என் மனைவி ஒரு கரண்டி வாயில் வைத்துக்கொண்டு, "இது நம்ம கவுனில்ல!" என்று கூவிவிட்டாள். பூலுட் ஹித்தாம் என்று அவர்கள் சொல்லுகிற அது, எங்கள் கல்யாண வீடுகளில் முதல்நாள் இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுப் பரிமாறும் கவுனி அரிசியின் உடன்பிறப்பே. அவர்கள் போடுவது பனை வெல்லம். அதில் ஒரு புகை வாசனை இருக்கிறது. கடைக்காரிக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு மலாய் தெரியாது. இருந்தாலும் ஊறவைக்கும் நேரத்தை விரல் மடக்கியும், கரண்டியைச் சுழற்றியும் இருவரும் பேசிக்கொண்டதைப் பார்த்து நான் ஒதுங்கி நின்றேன்.

எங்களுக்குக் கவுனி வந்த வழி பர்மா. அந்தத் தேசத்தை நாங்கள் இழந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான்: 1930-ஐ அடுத்து நெல் விலை விழுந்ததில் கடன் வாங்கிய குடியானவன் நிலத்தை விட்டான், கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் செட்டியார்களிடம் இருந்தது சுமார் நூற்றுக்கு 6 பங்கு என்பது, 1937-க்குள் 25 பங்காகிவிட்டது, அந்த நாட்டார் மனத்தில் அதனால் விளைந்த கசப்பு நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். ஜனங்கள் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தார்கள். 1948-ல் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. மிஞ்சியது தேக்கும் கவுனியும்.

நாங்கள் இப்படிப் பினாங்கில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்த அதே சமயத்தில், பிரெஞ்சுத் தம்பதிகள் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் எங்கள் வீடுகளைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பினாங்கு ஜார்ஜ் டவுனோ 2008-லேயே முழுப் பாரம்பரிய நகரமாகிவிட்டது. அங்கே பழைய கடைவீடுகளை இடிக்க விடுவதில்லை. இங்கே தூணைக் கழற்றிக் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் போட்டுவிடுகிறோம். இதைப் பற்றி அழுவதற்கு இன்னொரு வாரம் வேண்டும்.

இப்பொழுது வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஐம்பது வயதுக்காரர்கள் எப்படியும் போய் வந்துவிடுவீர்கள். உங்கள் தாயாரையும் மாமியாரையும் பற்றித்தான் சொல்லுகிறேன். தகப்பனார் பெட்டியடியில் இருந்த ஊர் எது என்று கேட்டால் பெயர் சொல்லுவார்கள், பார்த்ததில்லை. 2023 டிசம்பரிலிருந்து மலேசியா இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமலே அனுமதித்து வருகிறது. தண்ணீர்மலையில் மலைமேல் 2012-ல் குடமுழுக்குக் கண்ட முருகன் கோயிலுக்குத்தான் 513 படிகள். நகரத்தார் கோயில் அடிவாரத்திலேயே இருக்கிறது, முழங்கால் வலிக்காரர்களும் தாராளமாகத் தரிசிக்கலாம். அடுத்த தைப்பூசத்துக்குள் அவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்.